கையோடு வந்த கல்வி

பிழைப்புத் தேடி வந்தவனிடம் எங்கள் திருப்பத்தூர், ஆம்பூர்ப் பக்கத்தில் முதலில் கேட்பது, "என்ன தொழில் தெரியும்?" என்பதுதான். தோல் பதனிடத் தெரியும், செருப்புத் தைக்கத் தெரியும் என்றால் பிழைத்துக்கொள்வான். "கணக்குத் தெரியும்" என்ற ஒரே பதிலோடு கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார் ஓர் அகதி. பிரெட்ரிக் வில்ஹெல்ம் லெவி என்பது அவர் பெயர்.

லெவி 1888-ல், அப்போது ஜெர்மனி வசமிருந்த அல்சேஸில், மூல்ஹவுஸ் நகரத்து யூதக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலக யுத்தத்தில் ஜெர்மானியப் படையில் போரிட்டு வீரப் பதக்கம் பெற்றார். பிறகு லைப்சிக் பல்கலைக் கழகத்தில் ஆசிரியரானார். 1933-ல் ஹிட்லர் அரசாங்கம் யூதர்களை உத்தியோகத்திலிருந்து நீக்கச் சட்டம் செய்தபோது, போர்முனையில் நின்றவர்களுக்கு விலக்கு அளித்தது. அந்தத் தயவு இரண்டே ஆண்டு நீடித்தது. 1935-ல் லெவியும் வெளியே தள்ளப்பட்டார். ஒரு தேசத்துக்காக உயிரைப் பணயம் வைத்தவருக்கு அத்தேசம் கொடுத்த கூலி அது!

கல்கத்தா பல்கலைக் கழகம் அவரை அழைத்து ஹார்டிஞ்ச் பேராசிரியர் பதவி தந்தது. ஐம்பதை நெருங்கும் வயதில் புதிய ஊர், புதிய சீதோஷ்ணம். லெவி சோர்ந்துவிடவில்லை. நவீன அல்ஜீப்ராவைச் சொல்லிக் கொடுத்தார். எண்ணி முடிக்கக்கூடிய சில புள்ளிகளும் கோடுகளும் மட்டுமே கொண்ட ஒரு விசித்திரமான வடிவ கணிதத்தைப் பற்றியும் பேசினார். கேட்டவர்களில் ஒருவர் ராஜ் சந்திர போஸ்.

இதனால் என்ன பிரயோஜனம் என்று நீங்கள் கேட்கலாம். எந்தப் பயிருக்கு எந்த எரு ஏற்றது என்று சோதிக்க, வயலில் பாத்திகளை எப்படிப் பிரிப்பது? அந்தக் கேள்விக்குப் போஸ் இந்தக் கணிதத்திலிருந்தே விடை எடுத்தார். அதே வழியில் மேலும் நடந்து, 1959-ல், தம் மாணவர் ஸ்ரீகண்டேயுடனும் பார்க்கர் என்ற அமெரிக்கருடனும் சேர்ந்து, பதினெட்டாம் நூற்றாண்டு மேதை ஆய்லரின் ஊகம் ஒன்றைப் பொய்யென்று நிரூபித்தார்.

லெவி 1948-ல் பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். 1952-ல் பெர்லினுக்குத் திரும்பி, துரத்திய நாட்டின் பிள்ளைகளுக்கே மறுபடியும் பாடம் சொன்னார். 1966-ல் காலமானார்.

அகதி என்றதும் நமக்குத் தோன்றுவது, இன்னொரு வாய்க்குச் சோறு எங்கே என்ற கணக்குத்தான். கல்கத்தா வேறு கணக்குப் போட்டது. அதற்கு ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார். கூப்பிட்டு நாற்காலி போட்டது. அந்த மரியாதை கிடைத்தபடியால்தான், இங்கே கழித்த ஆண்டுகளில் லெவி அகதியாக வாழவில்லை, ஆசிரியராக வாழ்ந்தார்.