நன்னன் வாயிலும் இரங்கூன் வாயிலும்

சவ்வாது மலையிலே பிறக்கிறது சேயாறு. அம்மலையின் அடிவாரப் பகுதியிலே செங்கம் எனும் ஊர் இருக்கிறது. சங்க காலத்தில் அதற்குச் செங்கண்மா என்று பெயர். ஆண்டவன், நன்னன். கருவறையிலே குடியிருப்பவன் அல்லன், கொற்றம் நடத்திய மன்னன்! அவனைக் காணச் செல்லும் கூத்தருக்கு வழி கூறுகிறது, பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டான மலைபடுகடாம். பாடியவர் பெருங்கௌசிகனார், அடிகள் 583.

எளிதில் புக முடியாத நாடு அது. பன்றிக்கு வைத்த பொறி காலடியில் கிடக்கும். புற்றிலே பாம்பு இருக்கும். தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட வீசும் கவண்கல் மரக்கிளைகளைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து வரும். பாசி படர்ந்த பாறை வழுக்கும். இரவில் நடக்காதீர், குகையில் தங்குக என்கிறார் புலவர். பாதை பிரியுமிடத்தில் பின்னால் வருவோர் வழி தவறாதிருக்கப் புல்லை முடிந்து வையுங்கள் என்கிறார். எத்துணைக் கரிசனம்! வழிகாட்டி நூல் என்றால் மேல்நாட்டானைக் கேட்டுத்தான் நாம் எழுதவேண்டும் என்று எண்ணுவோர் இந்த ஓரிடத்தையாவது படிக்கவேண்டும்.

காவலும் இருந்தது. வில்லேந்திய காவலர் இருந்தனர். அவர்கள் ஓலை கேட்கவில்லை, முத்திரை கேட்கவில்லை. நன்னனிடம் செல்கிறோம் என்று கூத்தர் சொன்னால் போதும். இறைச்சியும் கிழங்கும் கொடுத்து உபசரிப்பார்கள், துன்புறுத்த மாட்டார்கள் என்று உறுதி கூறுகிறது பாட்டு. மன்னராட்சிக்கு மகுடம் சூட்ட இதைச் சொல்லவில்லை. வந்தவர்கள் புகழ் பாட வந்த கலைஞர்கள். பகைவன் வந்திருப்பின் கவண்கல் வேறு குறி பார்த்திருக்கும். எனினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: தடையாக நின்றது பெரும்பாலும் மலை, மனிதன் வழி சொன்னான்.

மலை போலவே கடலும். கடல் கடப்பதைச் சாதி கெடுக்கும் குற்றங்களில் ஒன்றாக எழுதி வைத்தது போதாயன தரும சூத்திரம். வணிகன் அதற்கு அஞ்சினானா? பர்மாவின் பழைய தலைநகர் பகானில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, தமிழும் வடமொழியுமாக. நானாதேசி விண்ணகர் எனும் கோயிலுக்கு, மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த ஒருவன் மண்டபமும் கதவும் நிலைவிளக்கும் கொடுத்த செய்தி அது. கோயிலுக்குக் கொட்டினானே என்று நாம் கேட்கலாம், கேட்போம். ஆயினும் அந்நாட்டுக்குள் நுழைந்தவன், கதவைக் கொடையாகத் தரும் அளவுக்கு வேரூன்றினான்.

(சாத்திரம் கடலைத் தடுத்தது அன்று. இன்றோ ஐதராபாத் அருகே சில்கூரில் ‘விசா பாலாஜி’ என்றே ஒரு சாமி! வேண்டும்போது 11 சுற்று, கிடைத்தபின் 108 சுற்று. தூதரகத்து எழுத்தர் இட்ட கையெழுத்துக்குக் காணிக்கை யாருக்கோ போகிறது!)

பர்மாவை வெள்ளையன் மூன்று போர்களில் விழுங்கினான். 1886இல் மேல் பர்மாவும் இந்தியப் பேரரசோடு இணைக்கப்பட்டது. 1937 ஏப்ரல் 1 வரை அது இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையில் கப்பலேறி இரங்கூனில் இறங்கியவனுக்கு அது அயல்நாடே அல்ல. நாற்று நடவும் மூட்டை சுமக்கவும் சென்றனர் பல்லாயிரவர். வட்டிக்கு விடவும் சென்றனர் சிலர். 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. நெல் விலை வீழ்ந்தது, கடன் முதிர்ந்தது, உழவன் நிலமிழந்தான். பர்மியர் உள்ளத்தில் கனல் மூண்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதைத் தமிழன் என்ற காரணத்தால் நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கனல், பேரேடு எழுதியவனையும் மூட்டை சுமந்தவனையும் பிரித்துப் பார்க்கவில்லை.

1947இல் குடிநுழைவுச் சட்டம் வந்தது. கடவுச்சீட்டும் விசா எனும் நுழைவு இசைவும் இன்றிப் புகலாகாது. 1962 மார்ச் 2இல் நே வின் படையோடு வந்து ஆட்சியைப் பறித்தார். கடைகள் அரசுடைமையாயின, 1964இல் 50, 100 கியாத் தாள்கள் செல்லாதவையாயின. இலட்சக்கணக்கானோர் வெளியேறினர். ஈட்டியதை எடுத்துவர விடவில்லை. சென்னைக் கடற்கரைச் சாலையோரத்தில் 1969இல் எழுந்த பர்மா பசார் அவர்களில் பலருக்குப் பிழைப்பளித்தது.

வெளியே விட்ட வாயில், உள்ளே விட்டதா? சுற்றுலா செல்வோனுக்கு அந்த ஆட்சி தந்த காலம் 24 மணி நேரம். அறுபது நாழிகை! விமானத்தில் இறங்கி, சுவேதகோன் பகோடாவைக் கண்டு, உறங்கி எழுந்தால் புறப்படவேண்டும். பின்னர், 1970களில், அது ஏழு நாளாயிற்று. வெளிநாட்டுப் பயணிக்கு அது வேடிக்கைக் கதை. அங்கே தாயை, தமையனை விட்டு வந்தவனுக்கு? அறுபது நாழிகையில் எந்த உறவைக் கண்டு முடிப்பது?

இசைவுக்குக் காத்திராமல் காலால் நடந்தோரும் உண்டு. முகாம் வாழ்வில் சலித்த பர்மாத் தமிழர் சிலர், மணிப்பூர் வழியே தரைமார்க்கமாகத் திரும்ப முயன்றனர். எல்லையில் பர்மியக் காவலர் தடுத்தனர். திரும்பிவரவும் மனமின்றி, எல்லையோரமாகிய மோரேயிலேயே குடியேறினர். தமிழ்ச் சங்கம் கண்டனர், கடை வைத்தனர். அக்கரைத் தாமு ஊர் கண்ணுக்குத் தெரியும் தொலைவு. நன்னன் மலையில் புல் முடிந்து வழி காட்டினர் முன்னே சென்றோர். இவர்களுக்கு முன்னே நின்றது துப்பாக்கி.

நம் பக்கத்திலும் கதை இனிமையல்ல. கடவுச்சீட்டு அரசு அருளும் சலுகை என்றே நீண்டகாலம் கருதப்பட்டது. காரணம் கூறாமலே மறுக்கலாம். அயல்நாடு செல்லும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவிலுள்ள தன்னுரிமையில் அடங்கியதே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் 1967 ஏப்ரல் 10. அவ்வாண்டே கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. வெளியே செல்ல உரிமை கிடைத்தது. உள்ளே விடுவது அடுத்த நாட்டின் விருப்பமாகவே இருக்கிறது.

எல்லை மலைமக்களுக்கு மட்டும் ஒரு விலக்கு இருந்தது. 2018இல் அது 16 கிலோமீட்டர் வரை விசா இன்றிச் சென்றுவரும் ஏற்பாடாயிற்று. அதை முடிப்பதாக 2024 பிப்ரவரியில் இந்திய அரசு அறிவித்தது. வேலியும் போடுகிறார்கள். ஒரே குடி, ஒரே பேச்சு, நடுவிலே கம்பி!

2014இல் பர்மா, மியன்மா எனும் பெயரோடு, மின்வழி விசாவைத் தொடங்கியது. பணத்தைக் கட்டிப் படிவம் நிரப்பினால் போதும் என்ற காலம் வந்தது. 1964இல் கைக்குழந்தையாகக் கப்பலேறியவருக்கு அப்போது ஐம்பது வயது. அவர் அந்தப் படிவத்தில் பிறந்த இடம் எனும் கட்டத்தில் இரங்கூன் என எழுதவேண்டும். செல்லும் நோக்கம் எனும் கட்டத்தில், சுற்றுலா.