டெம்போ ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 2004–05 பருவம்

கோவாவின் பனாஜியைச் சேர்ந்த டெம்போ ஸ்போர்ட்ஸ் கிளப், 2004–05 பருவத்தில் ஃபெடரேஷன் கோப்பையையும் தேசிய கால்பந்து லீக் பட்டத்தையும் வென்றது. அக்கழகம் இந்தியாவின் முதல்நிலை லீக்கை வென்றது அதுவே முதல் முறை. 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரு கண்டீரவா விளையாட்டரங்கில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில், வெற்றிக்கான இரண்டு கோல்களையும் அடித்த பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 25.

கழகமும் பயிற்சியாளரும்

சுரங்கம், கப்பல் கட்டுமானம், பத்திரிகை எனப் பல தொழில்களில் ஈடுபட்ட டெம்போ குழுமத்தின் பெயரைத் தாங்கிய இக்கழகம் 1968 முதல் இயங்கிவருகிறது. கோவாவில் கால்பந்தை வளர்த்தவை பெரும்பாலும் இத்தகைய தொழில் குடும்பங்கள்தாம். சல்காவ்கர், சர்ச்சில் பிரதர்ஸ் ஆகியவையும் இந்த வகையே. ஆயினும் 1996–97இல் தேசிய லீக் தொடங்கியதிலிருந்து 2004 வரை, அதை வென்ற கோவா அணி 1998–99இன் சல்காவ்கர் ஒன்றுதான். மற்ற ஆண்டுகளில் பட்டம் பெரும்பாலும் கொல்கத்தாவுக்கே போனது. இந்த நிலையை மாற்றும் பொறுப்பு, உள்ளூர்க்காரரான பயிற்சியாளர் அர்மாண்டோ கொலாசோவின் தோளில் இருந்தது. கோவா இளைஞர்களை அடித்தளமாக வைத்து, கோல் அடிக்க வெளிநாட்டு முன்வரிசை வீரர்களைச் சேர்ப்பது அவருடைய வழக்கம்.

கிறிஸ்டியானோ ஜூனியர்

கிறிஸ்டியானோ செபாஸ்டியாவ் டி லிமா ஜூனியர் 1979இல் பிறந்தவர். இந்தியாவில் அவர் முதலில் அணிந்தது ஈஸ்ட் பெங்கால் சட்டை. 2003–04இல் அந்த அணி லீக்கை வென்றபோது 15 கோல்களுடன் நாட்டிலேயே அதிக கோல் அடித்தவராக நின்றார். கொல்கத்தா ரசிகர்கள் ஒருவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட ஒரு பருவம் போதும். ஆனால் அடுத்த பருவமே அவர் டெம்போவுக்குப் போய்விட்டார். ஃபெடரேஷன் கோப்பை இறுதியில் எதிரே வந்தது மோகன் பகான். ஈஸ்ட் பெங்காலின் பரம வைரி. ஊரும் சட்டையும் மாறியும் அவருக்கு எதிரணி பழைய எதிரணியாகவே அமைந்தது.

கண்டீரவா இறுதி ஆட்டம்

முதல் கோல் ஜூனியருடையது. ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், கிடைத்த பந்தோடு அவர் கோல் கம்பத்தை நோக்கிப் பாய்ந்தார். மோகன் பகான் கோல்கீப்பர் சுப்ரதா பால் தடுக்க முன்னே ஓடிவந்தார். பந்து வலைக்குள் போனது, இருவரும் மோதினர். கீழே விழுந்த ஜூனியர் எழுந்திருக்கவில்லை. மைதானத்திலேயே அவரை உயிர்ப்பிக்க முயன்றார்கள், பலன் இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது உயிர் பிரிந்திருந்தது. ஆட்டம் 2–0 என முடிந்தது. கழகத்தின் வரலாற்றில் இன்றுவரை உள்ள ஒரே ஃபெடரேஷன் கோப்பை அதுதான். அதை ஏந்திக் கொண்டாட அன்று யாருக்கும் மனம் இல்லை.

மைதானத்து மருத்துவ ஏற்பாடு போதாது என்ற குற்றச்சாட்டு உடனே எழுந்தது. மோதல் விதிமீறலா, விபத்தா என்ற வாதமும் கிளம்பியது. இரண்டில் பின்னதுதான் அதிகம் பேசப்பட்டது, இன்றும் பேசப்படுகிறது. இணையத்தில் அந்தக் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் முக்கியமான கேள்வி முன்னதுதான். கோல்கீப்பரும் முன்வரிசை வீரரும் மோதிக்கொள்ளாத கால்பந்து கிடையாது. மோதிய பின் முதல் ஐந்து நிமிடங்களில் என்ன நடந்தது என்பதுதான் விசாரிக்கப்பட வேண்டியது.

2003, 2004 ஆகிய இரண்டு ஆண்டுகளில் உலகக் கால்பந்தில் இத்தகைய மரணங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்திருந்தன. 2003 ஜூனில் லியோன் நகரில் கேமரூனின் மார்க் விவியன் ஃபோயே, 2004 ஜனவரியில் போர்ச்சுகலில் பென்ஃபிக்காவின் ஹங்கேரி வீரர் மிக்லோஸ் ஃபெஹேர், 2004 அக்டோபரில் சாவ் பாவ்லோவில் பிரேசில் வீரர் செர்ஜின்யோ என மூவர் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று மாண்டனர். செர்ஜின்யோ இறந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில்தான் இன்னொரு பிரேசில் வீரரின் உடல் பெங்களூருவிலிருந்து தாயகம் திரும்ப வேண்டியதாயிற்று.

சுப்ரதா பால்

அப்போது பால் பதின்ம வயதைக்கூடத் தாண்டவில்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரைச் சில காலம் இடைநீக்கம் செய்தது. 'கொன்றவன்' என்ற வசையைச் சுமந்தபடி ஓர் இளைஞர் மீண்டும் கோல் கம்பத்தின் முன் நிற்பது சாதாரணம் அல்ல. அவர் நின்றார். 2009 நேரு கோப்பை இறுதியில் சிரியாவுக்கு எதிரான பெனால்டி ஷூட் அவுட்டில் இந்தியாவைக் கரைசேர்த்தார். 2011 ஆசியக் கோப்பையில் தென்கொரியாவின் தொடர் தாக்குதலைத் தடுத்து 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கினார். அந்த ஆட்டத்தில் இந்தியா 1–4 எனத் தோற்றது வேறு விஷயம். 2016இல் அர்ஜுனா விருது பெற்றார். இந்தப் பருவத்தின் துயரத்தில் அவருடைய பங்கையும் எழுதாமல் விடுவது அநீதி.

லீக் பட்டம்

துக்கத்தோடு லீக்கை எதிர்கொண்ட டெம்போ, 12 அணிகள் மோதிய போட்டியில் 22 ஆட்டங்களில் 47 புள்ளிகள் சேர்த்து முதலிடம் பிடித்தது. 45 புள்ளிகளுடன் இரண்டாமிடம் வந்ததும் ஒரு கோவா அணியே: ஸ்போர்டிங் கிளப் டி கோவா. அதன் நைஜீரிய வீரர் டூடு ஒமக்பெமி 21 கோல்களுடன் அந்தப் பருவத்தில் அதிக கோல் அடித்தவரானார். மூன்றாமிடம், ஜூனியரின் பழைய அணியான ஈஸ்ட் பெங்காலுக்கு. ஜூனியர் அணிந்த 10ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று டெம்போ முடிவெடுத்தது. ஃபெஹேரின் 29ஆம் எண்ணைப் பென்ஃபிக்காவும் அவ்வாறே ஒதுக்கிவைத்திருந்தது.

பிற்காலம்

இந்தப் பருவம் ஒரு சகாப்தத்தின் தொடக்கம். 2006–07இல் தேசிய கால்பந்து லீக்கின் கடைசிப் பட்டமும், 2007–08இல் அதன் இடத்துக்கு வந்த ஐ-லீக்கின் முதல் பட்டமும் டெம்போவுக்கே. 2009–10, 2011–12 பட்டங்களையும் சேர்த்தால் ஐந்து. மோகன் பகான் 2020இல்தான் அந்த எண்ணிக்கையை எட்டியது. 2008இல் டெம்போ ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பையின் அரையிறுதிவரை போனது. இந்தியக் கழகம் ஒன்று அங்கே கால்வைத்தது அதுவே முதல் முறை. ஜூனியருக்குப் பின் முன்வரிசையைத் தாங்கிய நைஜீரிய வீரர் ரான்டி மார்ட்டின்ஸ் 2011–12இல் மட்டும் 32 கோல் அடித்தார். பிறகு சரிவு. 2014–15இல் கீழ்நிலைக்கு இறங்கி, அடுத்த ஆண்டே தேசியப் போட்டிகளிலிருந்து விலகிய கழகம், 2024–25இல் ஐ-லீக்குக்குத் திரும்பியது.

மருத்துவ ஏற்பாடும் தென் தமிழகமும்

இதயம் திடீரென நின்றுவிட்டால், மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர் கருவி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. 2012 மார்ச்சில் லண்டனில் விழுந்த ஃபப்ரிஸ் முவாம்பாவும் 2021இல் கோபன்ஹேகனில் விழுந்த கிறிஸ்டியன் எரிக்சனும் உயிரோடு இருப்பதற்கு உடனடி உதவியே காரணம். முவாம்பா பிழைத்த அதே வாரம், பெங்களூரு மார்ஸ் அணியின் டி. வெங்கடேஷ் மைதானத்தில் சரிந்தார். ஆம்புலன்ஸ் இல்லாததால் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவர் பிழைக்கவில்லை. ஜூனியர் இறந்த அதே நகரத்தில், எட்டாவது ஆண்டில் நடந்தது இது.

தென் தமிழகத்தின் தாமிரபரணிக் கரைக்கும் இதில் பாடம் உண்டு. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்திலோ அண்ணா விளையாட்டரங்கிலோ ஒருவர் விழுந்தால் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. கால்பந்தை உயிராக நேசிக்கும் உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து அங்கே வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். 108 ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டில் 2008 முதல் உள்ளது. ஆனால் இதயம் நின்றவருக்கு அது வந்துசேரும் நேரமே நீளம். போட்டி நடத்துவோர் கோப்பைக்கும் பந்தலுக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை டிஃபிப்ரிலேட்டருக்கும், நெஞ்சழுத்த முதலுதவியில் பயிற்சி பெற்ற இருவரை மைதானத்தில் நிறுத்தவும் ஒதுக்க வேண்டும்.