ஒரு பென்னித் தபாலும் தபாலூழியர் போராட்டமும்

தபாலூழியர் வேலைநிறுத்தம் என்ற செய்தியைக் கேட்டதும் நம்மிற் பலர்க்கு முதலில் தோன்றுவது தேங்கிக் கிடக்கும் கடிதப் பைகளே. வரவேண்டிய பணம் வரவில்லை, பிள்ளையின் நியமனக் கடிதம் கிடைக்கவில்லை என்று நாம் நொந்துகொள்கிறோம். நோவது இயல்பே. ஆயினும், மழையென்றும் வெயிலென்றும் பாராது வீடு வீடாகச் செல்லும் அவ்வூழியர் தம் பையை ஏன் இறக்கி வைத்தார் என்று ஆராய்வோர் சிலரே. சம்பளம் ஒரு காரணம் என்பது உண்மை. அதற்கும் அடியிலே வேறொரு வினா கிடக்கின்றது. தபால் யாருடைய உடைமை, அது யாருடைய நன்மைக்காக நடைபெறவேண்டும் என்பதே அவ்வினா. இதனை மிக நீண்ட காலமாக விவாதித்து வந்த நாடு பிரித்தானியா. நமது தபாற் சேவை அந்நாட்டின் ஆட்சிக் காலத்திலே அம்முறையைத் தழுவி வளர்ந்ததாகலின், இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

பிரித்தானிய அரச தபாற் சேவை 1635ஆம் ஆண்டில் முதலாம் சாள்ஸ் மன்னரால் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. எனினும் இரு நூற்றாண்டுகள் வரை அது ஏழைக்கு எட்டாத பொருளாகவே இருந்தது. கட்டணம் தூரத்துக்குத் தூரம் வேறுபட்டது. கடிதத்தைப் பெறுபவரே பெரும்பாலும் அக்கட்டணத்தைச் செலுத்தினார். இந்நிலையிலே றோலண்ட் ஹில் என்பவர் 1837இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். தபாலின் செலவு கடிதத்தைக் கொண்டு செல்வதிலே மிகுதியாக இல்லை. அதனை ஏற்பது, கணக்கெழுதுவது, பணம் அறவிடுவது ஆகியவற்றிலேயே பெரும்பகுதி கழிகின்றது என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். ஆகவே அனுப்புவோரே முன்கூட்டிப் பணம் கட்டவேண்டும், நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம் இருத்தல் வேண்டும் என்றார். 1840 ஜனவரி 10ஆந் திகதி ஒரு பென்னித் தபால் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதத்திலே உலகின் முதலாவது ஒட்டுமுத்திரை வெளியாயிற்று. 1839இல் ஏறத்தாழ 7 கோடியே 60 இலட்சமாக இருந்த கடிதங்கள், அடுத்த ஆண்டிலே இருமடங்குக்கு மேலாயின.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். ஒரே கட்டணம் என்பது கணக்கு வசதிக்காக மட்டும் ஏற்பட்டதன்று. இலண்டனுக்குள்ளே தெருவுக்குத் தெரு சேர்க்கப்படும் கடிதத்தில் இலாபம் உண்டு. வடகோடியிலுள்ள ஷெட்லண்ட் தீவிலே தனித்து நிற்கும் ஒரு குடிசைக்குச் சேர்க்கப்படும் கடிதத்தில் நட்டம் உண்டு. நகரத்து இலாபம் தீவின் நட்டத்தைத் தாங்குகின்றது. இவ்வாறு ஒருவர் மற்றவரைத் தாங்கும் ஓர் ஏற்பாடே தபால். பின்னாளிலே தனியார்மயம் என்ற சொல்லைக் கேட்டுத் தபாலூழியரும் கிராமத்தவரும் ஒருங்கே அஞ்சியதற்குரிய காரணம் இங்கே இருக்கின்றது. இலாபமுள்ள தெருவை ஒருவர் எடுத்துக்கொண்டால், நட்டமுள்ள குடிசையை யார் ஏற்பார்?

மக்களுக்கு மலிவான தபாலைத் தந்த அரசாங்கம் அதனைச் சுமந்த ஊழியருக்கு நல்ல எசமானாக இருந்ததா என்றால், எப்போதும் அப்படியன்று. 1890 ஜூலை மாதத்தில் இலண்டன் தபாற்காரர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதற்கு முன் ஆண்டிலேதான் துறைமுகத் தொழிலாளர் நடத்திய பெரும் போராட்டம் வெற்றி கண்டிருந்தது. அந்த ஊக்கத்தினால் எழுந்த இளந் தபாற்காரர் சங்கத்தை நிருவாகம் சிறிதும் பொறுக்கவில்லை. போராட்டம் சில நாட்களில் முறியடிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தனர். முடியரசின் சேவகர் முடியரசுக்கு எதிராகக் கிளம்புவதா என்பதே அக்காலத்து நிருவாகத்தின் எண்ணம். 1920இல் பல சிறு சங்கங்கள் இணைந்து தபாலூழியர் சங்கம் உருவாயிற்று. 1926ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தின் பின்னர் நிறைவேறிய 1927ஆம் ஆண்டுச் சட்டம், அரசாங்க ஊழியர் சங்கங்கள் நாட்டின் தொழிற்சங்கப் பேரவையிற் சேர்ந்திருப்பதைத் தடைசெய்தது. அத்தடை நீங்கியது 1946இலே ஆகும்.

1969 ஒக்டோபர் முதலாந் திகதி ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. அதுகாறும் அரசாங்கத் திணைக்களமாக இருந்த தபாலகம், தனக்கென ஒரு சபையையும் தலைவரையும் உடைய பொதுக் கூட்டுத்தாபனமாயிற்று. தபால் மா அதிபர் என்ற பழைய அமைச்சர் பதவி ஒழிந்தது. ஊழியரும் அரசாங்க சேவையாளர் என்ற நிலையினின்றும் நீங்கினர். உடைமை இன்னும் அரசினுடையதே. எனினும் வரவும் செலவும் பார்க்கும் வணிக நோக்கு உட்புகுந்தது. புதிய கூட்டுத்தாபனத்தின் தலைவராயிருந்த ஹோல் பிரபுவை, 1970 நவம்பரில் புதிய அரசாங்கத்தின் அமைச்சர் கிறிஸ்தோபர் சட்டவே பதவி நீக்கினார். ஊழியர் பலர் இதனைக் கண்டித்து வேலையை விட்டு வெளியேறினர். நிருவாகத் தலைவர் ஒருவருக்காகத் தொழிலாளர் வெளிநடப்புச் செய்தது வியப்பாகத் தோன்றலாம். தமது சேவை எத்திசையிற் செலுத்தப்படுகின்றது என்ற ஐயமே அவர்களை அவ்வாறு செய்யத் தூண்டியது எனலாம்.

அந்த ஐயம் தணியுமுன்னரே 1971ஆம் ஆண்டுப் பெரும் போராட்டம் மூண்டது. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த காலம் அது. சங்கம் 15 வீத உயர்வு கோரியது. நிருவாகம் 8 வீதமே தர முன்வந்தது. பொதுத்துறைச் சம்பள உயர்வுகளைக் கட்டுப்படுத்தவேண்டும் என்பதில் எட்வேட் ஹீத் அவர்களின் அரசாங்கம் உறுதியாக நின்றது. ஜனவரி 20ஆந் திகதி ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஊழியர் வேலையை நிறுத்தினர். சங்கத்தின் பொதுச் செயலாளர் ரொம் ஜக்சன் அவர்களின் நீண்ட மீசை நாடறிந்த சின்னமாயிற்று. ஹைட் பூங்காவிலே பேரணிகள் நடைபெற்றன. பிரித்தானியா பழைய நாணய முறையைக் கைவிட்டுத் தசம நாணயத்துக்கு மாறிய பெப்ரவரி 15ஆந் திகதியும் இவ்வேலைநிறுத்தத்தின் நடுவிலேயே வந்து சென்றது.

போராட்டம் ஏழு வாரங்கள் வரை நீடித்து மார்ச் 8ஆந் திகதி முடிவுற்றது. அது தோல்வியென்றே கூறவேண்டும். இதற்குக் காரணங்கள் பல. சங்கத்தின் நிதி, இரண்டு இலட்சம் குடும்பங்களை வாரந்தோறும் தாங்குமளவுக்குப் பெரியதன்று. ஏனைய சங்கங்கள் கடனும் நன்கொடையும் அளித்தபோதிலும் அவை போதவில்லை. தொலைபேசி பெரும்பாலும் தானாக இயங்கும் பொறிகளாலே நடைபெற்றது. தொலைபேசி இயக்குநர் பலர் வேலைக்குச் சென்றனர். ஆகவே வணிகர் கடிதத்துக்குப் பதிலாகத் தொலைபேசியிற் பேசிக் காரியம் பார்த்தனர். அரசாங்கமோ தபாலகத்தின் தனியுரிமையைத் தற்காலிகமாக நீக்கியது. உடனே சிறு தனியார் தபாற் சேவைகள் பல முளைத்தன. அவை தாமே முத்திரை அச்சிட்டும் விற்றன. முத்திரை சேகரிப்போர் அவற்றை இன்றும் பேணி வைத்திருக்கின்றனர். இறுதியில் விசாரணைக் குழுவொன்றை ஏற்றுக்கொண்டு ஊழியர் திரும்பினர். கிடைத்தது அவர்கள் கோரியதற்கு மிகக் குறைவே.

தபாலூழியர் போராட்டத்துக்கே உரிய இடர்ப்பாடு இங்கே தெளிவாகின்றது. சுரங்கத் தொழிலாளி நிலக்கரியை வெட்டாதுவிட்டால் நிலக்கரி நிலத்துக்குள்ளேயே இருக்கும்; நாளைக்கு வெட்டலாம். தபாற்காரர் கடிதத்தைச் சேர்க்காதுவிட்டால், அனுப்புவோர் வேறு வழியைத் தேடிக்கொள்வார். அவ்வாறு பிரிந்தவர்களுள் எல்லோரும் மீள்வதில்லை. சேவையைக் காக்க எடுத்த ஆயுதமே சேவையின் தேவையைக் குறைத்துவிடக்கூடும். இதனை ஊழியர் அறியாதவர் அல்லர். அறிந்தும் அவ்வாயுதத்தை எடுத்தனர் என்றால் அவர்கள் நிலை எத்தகையது என்பதை நாம் உணரவேண்டும்.

தம் நலனுக்காக மட்டுமே அவர்கள் நின்றனர் என்பதும் பொருந்தாது. இலண்டன் மாநகரின் கிறண்விக் என்னும் புகைப்படத் தொழிலகத்திலே, 1976இல் ஆசியப் பெண்கள் பலர் ஜயபென் தேசாய் அம்மையாரின் தலைமையில் சங்க உரிமைக்காகப் போராடினர். அத்தொழிலகம் தன் வாடிக்கையாளரோடு தபால் மூலமே தொடர்பு கொண்டிருந்தது. சட்டம் தடுத்த போதிலும், 1977இல் கிறிக்கிள்வூட் தபாலூழியர் அதன் தபாலைக் கையேற்க மறுத்தனர். அதனால் அவர்கள் நிருவாகத்தின் நடவடிக்கைக்கு ஆளாயினர். தம் சங்கத்தின் கண்டனத்தையும் பெற்றனர். தேசாய் அம்மையாரின் போராட்டம் வெற்றி பெறவில்லை. ஆயினும் நிறம் கடந்த அந்த உதவி தொழிற்சங்க வரலாற்றில் நிலைத்துவிட்டது.

இனித் தனியார்மயம் பற்றிய அச்சத்துக்கு வருவோம். 1981இல் தொலைபேசி தபாலினின்றும் பிரிக்கப்பட்டது. 1984இல் அதன் பங்குகளிற் பாதிக்கு மேற்பட்டவை விற்கப்பட்டன. இலாபம் தந்த தம்பி பிரிந்துபோக, பழைய தபால் தனித்து நின்றது. எத்தனையோ அரச நிறுவனங்களை விற்ற திருமதி தச்சர் அவர்கள், அரசியாரின் தலையைத் தாங்கிய தபாலை விற்க மட்டும் மனங்கொள்ளவில்லை என்று கூறுவர். 1994இல் அமைச்சர் மைக்கல் ஹெசல்டைன் கொண்டுவந்த திட்டம், அவருடைய கட்சியினரே எதிர்த்தமையாற் கைவிடப்பட்டது. கிராமத் தொகுதிகளின் உறுப்பினர் தம் வாக்காளரின் கவலையை நன்கறிந்திருந்தனர். 2006 ஜனவரி முதல் கடித விநியோகம் முழுமையாகப் போட்டிக்குத் திறந்துவிடப்பட்டது. 2007இலும் 2009இலும் வேலைமுறை மாற்றங்கள், ஆட்குறைப்பு, ஓய்வூதியம் ஆகியன பற்றி நாடளாவிய வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. தொழிற் கட்சி அரசாங்கமே 2009இல் ஒரு பகுதியை விற்க மசோதா கொணர்ந்து, பின் அதனைக் கைவிட நேர்ந்தது.

ஆனால் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் விற்பனை தடைப்படவில்லை. 2013 ஒக்டோபரில் றோயல் மெயில் நிறுவனத்தின் பங்குகள் ஒவ்வொன்றும் 330 பென்ஸ் வீதம் விற்கப்பட்டன. முதல் நாள் முடிவிலே அவற்றின் விலை 455 பென்ஸ் ஆயிற்று. பொதுச் சொத்து மலிவாக விற்கப்பட்டது என்ற கண்டனம் எழுந்தது. ஊழியருக்குப் பத்து வீதப் பங்குகள் இலவசமாக அளிக்கப்பட்டபோதிலும், அவர்கள் சங்கம் விற்பனையை இறுதிவரை எதிர்த்தது. 2015இல் அரசாங்கம் தன் எஞ்சிய பங்குகளையும் கைவிட்டது. 2022இல் ஊழியர் 18 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். செக் நாட்டுச் செல்வர் டானியல் கிரெட்டின்ஸ்கியின் நிறுவனம் 360 கோடிப் பவுணுக்கு அதனை வாங்க 2024 டிசெம்பரில் அனுமதி கிடைத்தது. 2025இல் அது கைமாறியது.

அச்சம் மெய்யாயிற்றா? ஒரு பக்கத்தை மட்டும் சொல்லுதல் வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. 2004ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு 2,000 கோடியாக இருந்த கடிதங்கள், இருபது ஆண்டுகளுள் 700 கோடிக்கும் குறைந்தன. மின்னஞ்சல் செய்த வேலை அது. உடைமையாளர் யாராயிருப்பினும் இவ்வீழ்ச்சியைத் தடுத்திருக்க முடியாது. பொதிகள் பெருகியமையாற் புதிய வேலையும் வந்தது. மறுபக்கத்தையும் காண்க. விற்பனைக் காலத்தில் 60 பென்ஸாக இருந்த முதல்தரக் கடிதக் கட்டணம், 2025 ஏப்ரலில் 170 பென்ஸ் ஆயிற்று. கடிதங்களை உரிய காலத்திற் சேர்க்கத் தவறியதற்காக ஒழுங்குறுத்தும் சபை 2023இலும் 2024இலும் 2025இலும் பெருந்தொகை அபராதம் விதித்தது. 2025 ஜூலையிலிருந்து இரண்டாந்தரக் கடிதங்களைச் சனிக்கிழமைகளில் விநியோகியாது விடவும், ஏனைய வேலை நாட்களிலும் ஒருநாள் விட்டு ஒருநாளே விநியோகிக்கவும் அனுமதி அளிக்கப்பட்டது.

எனினும் ஷெட்லண்டுக் குடிசைக்கும் இலண்டன் மாளிகைக்கும் ஒரே முத்திரை என்ற விதி இன்னும் அழியவில்லை. அதனைக் காப்பது உடைமையாளரின் கருணையன்று, பாராளுமன்றச் சட்டமே. அச்சட்டம் ஏன் எழுதப்பட்டது? ஆண்டுதோறும் ஊழியரும் கிராமத்து மக்களும் எழுப்பிய குரலினாலே, எந்தக் கட்சியாலும் அவ்விதியைத் துணிந்து நீக்க முடியவில்லை. சம்பளப் போரிலே தோற்றவர்கள் இக்கொள்கைப் போரிலே முற்றாகத் தோற்கவில்லை என்பது என் கருத்து. ஆயினும் வாரத்தில் எத்தனை நாள் விநியோகம், முத்திரைக்கு எவ்வளவு விலை என்ற இரண்டும் மெல்ல மெல்ல மாற்றப்படும்போது, விதியின் பெயர் மட்டும் எஞ்சி அதன் பயன் கரைந்துவிடலாம். கண்காணிக்க வேண்டியது அதனையே.

நம் நாட்டிலே தபால் இன்றும் அரசாங்கத் திணைக்களமாகவே இருந்து வருகின்றது. பருத்தித்துறையில் இடும் கடிதம் தெய்வேந்திரமுனைக்கும் அடுத்த தெருவுக்கும் ஒரே கட்டணத்திற் செல்கின்றது. இங்கும் ஊழியர் போராட்டங்கள் நிகழ்கின்றன. நட்டக் கணக்கும் பேசப்படுகின்றது. அத்தகைய வேளைகளில் ஊழியர் பக்கமோ நிருவாகத்தின் பக்கமோ உடனே சாய்ந்துவிடாது, நாம் சில வினாக்களைக் கேட்டல் நன்று. நட்டம் என்று காட்டப்படுவது திறமைக் குறைவினால் வந்ததா, தொலைவிலுள்ள ஒரு வீட்டைத் தாங்குவதனால் வந்ததா? திறமைக் குறைவாயின் அதனைத் திருத்தவேண்டும். அதற்கு ஊழியரும் இசையவேண்டும். தொலைவீட்டைத் தாங்குவதனால் வந்ததாயின், அது நாமெல்லோரும் சேர்ந்து செலுத்தவேண்டிய கட்டணம். இவ்விரண்டையும் பிரித்தறியாது எடுக்கப்படும் முடிவு எதுவாயினும், அதன் சுமை கடைசியில் அந்தத் தொலைவீட்டின் வாசலிலேயே சென்று விழும்.