பிரீமியம் தொட்டியில் தப்பிய பெட்ரோல்: அமெரிக்க மாநிலங்களில் எத்தனால் விதிவிலக்குகளின் வரலாறு

அமெரிக்காவில் இன்று விற்கும் பெட்ரோலில் பெரும்பகுதி பத்து சதவீத எத்தனால் கலந்தது. கலக்காததும் கிடைக்கிறது, ஆனால் எல்லா ஊரிலும் இல்லை. அந்நாட்டின் ஆற்றல் தகவல் நிர்வாகம் 2015-ஆம் ஆண்டுக்குச் செய்த மதிப்பீட்டின்படி, அது சுமார் 530 கோடி கேலன். மொத்தப் பெட்ரோல் நுகர்வில் ஏறத்தாழ 4 சதவீதம். மக்காச்சோள விவசாயிகள் ஒரு பக்கம், எண்ணெய் நிறுவனங்கள் மறுபக்கம் என இரு தரப்பு வழக்காகவே இந்த வரலாற்றை எழுதிவந்திருக்கிறார்கள். மாநிலச் சட்டங்களை வரிசையாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. கலப்பில்லாத பெட்ரோல் பிழைத்திருப்பதற்குக் கொள்கை வாதங்களைவிட முக்கியமான காரணம், பங்க்கின் தரைக்கடியில் முன்பே புதைத்திருந்த பிரீமியம் தொட்டி. அந்தத் தொட்டிக்கு விதிவிலக்கு வாங்கித் தந்தவர்கள் படகு, பழைய கார், பனிவண்டி வைத்திருந்த உள்ளூர்க்காரர்கள்.

தொடக்கம் மினசோட்டாவில். தூய காற்றுச் சட்டத்தின் 1990-ஆம் ஆண்டுத் திருத்தம், கார்பன் மோனாக்சைடு மிகுந்த நகரங்களில் குளிர்காலப் பெட்ரோலில் ஆக்சிஜன் தரும் பொருள் சேர்க்கச் சொன்னது. 1992 குளிர்காலத்தில் நடைமுறைக்கு வந்த அந்த விதி மினியாபொலிஸ்–செயின்ட் பால் இரட்டை நகரங்களுக்கும் பொருந்தியது. மினசோட்டா அதோடு நிற்கவில்லை. 1995-ல் இரட்டை நகரப் பகுதியில் ஆண்டு முழுவதும், 1997-ல் மாநிலம் முழுவதும் என்று கட்டாயத்தை விரித்தது. கனடா எல்லையோரக் காட்டு ஊரில் கார்பன் மோனாக்சைடு பிரச்சினை ஏது? எத்தனால் ஆலைகளுக்கு அம்மாநிலம் 1980-களிலிருந்தே கேலனுக்கு 20 சென்ட் கொடுத்துவந்ததை நினைத்துக்கொண்டால் பதில் கிடைத்துவிடும். காற்றுக்காக வந்த விதி சோளத்துக்காக நீண்டது.

ஆனால் மினசோட்டா, பதிவு எண் பலகையிலேயே ‘பத்தாயிரம் ஏரிகள்’ என்று பொறித்துக்கொள்ளும் மாநிலம். கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிவண்டி. இரண்டுமே ஆண்டில் பாதி நாள் கொட்டகையில் நிற்பவை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பத்து சதவீதக் கலவையில் சுமார் அரை சதவீதம், அதாவது கேலனுக்கு நான்கு தேக்கரண்டி அளவு தண்ணீர் சேர்ந்தால், எத்தனால் அந்தத் தண்ணீரோடு பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடுகிறது. எரிபொருள் குழாய் உறிஞ்சுவது பெரும்பாலும் அடியிலிருந்துதான். மேலே மிஞ்சும் பெட்ரோலுக்கும் ஆக்டேன் குறைந்திருக்கும். தினமும் ஓடும் காரில் இதற்கு இடமே இல்லை. வாரத்துக்கொரு முறை தொட்டி காலியாகிவிடும்.

ஆகவே சட்டத்துக்குள் விலக்குகள் நுழைந்தன: விமானம், பந்தயத் தடம், படகுத்துறை, பிறகு பழங்காலக் கார்களும் சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகளும். கடைசி விலக்குக்கு இரண்டு நிபந்தனைகள். பெட்ரோல் பிரீமியம் தரமாக இருக்க வேண்டும். பழங்காலக் கார், மோட்டார் சைக்கிள், படகு, பனிவண்டி, சிறு எஞ்சின் ஆகியவற்றுக்கு மட்டும் என்று பம்பில் ஒட்டியிருக்க வேண்டும். முதல் நிபந்தனைதான் கவனிக்கத் தக்கது. பெரும்பாலான பங்க்குகளில் சாதா ஒரு தொட்டி, பிரீமியம் ஒரு தொட்டி; நடுத்தரத்தைப் பம்பே இரண்டையும் கலந்து தரும். மூன்றாவதாக ஒரு தொட்டி புதைக்க எந்தச் சிறு முதலாளியும் துணியமாட்டார். இருக்கும் பிரீமியம் தொட்டியில் சரக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றதும் விலக்கு ஏட்டிலிருந்து தெருவுக்கு வந்தது. எந்தெந்தப் பங்க்கில் கிடைக்கும் என்ற பட்டியலைத் தொகுத்துவைத்தது அரசு அலுவலகமல்ல, பழைய கார்களைப் புதுப்பித்து ஓட்டும் மினசோட்டா ஸ்ட்ரீட் ராட் சங்கம்.

கிழக்குக் கரையில் பாடம் கசப்பாக வந்தது. நிலத்தடி நீரைக் கெடுத்த எம்டிபிஇ என்ற சேர்மானத்தை நியூயார்க்கும் கனெக்டிகட்டும் 2004 தொடக்கத்தில் தடைசெய்ய, அதன் இடத்தை எத்தனால் பிடித்தது. லாங் ஐலண்ட் கடற்பகுதியில் பழைய கண்ணாடியிழைத் தொட்டி வைத்த படகுகளில் தொட்டிச் சுவரின் பிசின் கரைந்து, எஞ்சினின் உள்வாங்கு வால்வுகளில் கருப்புக் கசடாகப் படிந்தது. படகு உரிமையாளர் சங்கங்களின் கையில் அதன்பின் இருந்தது வெறும் அச்சமல்ல, ஆதாரம்.

ஆரிகன் 2007-ல் பத்து சதவீதக் கட்டாயத்தை இயற்றியது. மாநிலத்துக்குள் எத்தனால் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 4 கோடி கேலனை எட்டினால்தான் அது அமலாகும். போர்ட்மனில் திறந்த ஓர் ஆலை அந்த அளவை எட்டியதும், 2008-ல் பகுதி பகுதியாக அமலானது. அதே ஆண்டில் சட்டமன்றம் படகு, விமானம், பழைய வாகனம், சிறு கருவிகளுக்கு விலக்கு தந்தது. ஆனால் சில வகை வாடிக்கையாளருக்காக மட்டும் யார் தனிச் சரக்கு இறக்குவார்கள்? அடுத்த ஆண்டு 91 ஆக்டேனும் அதற்கு மேலும் உள்ள பெட்ரோலையே கட்டாயத்திலிருந்து எடுத்தார்கள். வாங்குபவரைப் பார்த்துத் தந்த விலக்கு, தொட்டியைப் பார்த்துத் தந்த விலக்காக மாறியது. 2008 தொடக்கத்தில் கட்டாயத்தை அமலாக்கிய மிசௌரி, பிரீமியத்தை முதலிலேயே விட்டுவைத்திருந்தது. புளோரிடா 2013-ல் தன் கட்டாயத்தையே ரத்து செய்தது. மேய்ன் அதே ஆண்டு எத்தனாலுக்குத் தடை இயற்றியது. நியூ இங்கிலாந்தின் வேறு இரு மாநிலங்களும் சேர்ந்தால்தான் செல்லும் என்ற நிபந்தனை அதிலேயே இருந்ததால், அதை அரசியல் சைகை என்றுதான் கொள்ள வேண்டும்.

புளோரிடாவின் ரத்தும் பெரிதாக எதையும் மாற்றிவிடவில்லை. 2005, 2007 கூட்டாட்சிச் சட்டங்கள் சுத்திகரிப்பாளர்கள் மீது எத்தனால் ஒதுக்கீட்டைச் சுமத்தியிருந்தன. மாநிலம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் கலப்பதே அவர்களுக்கு லாபம். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். ஆகவே 84 ஆக்டேன் அடிப்படைப் பெட்ரோலைக் காய்ச்சி, விநியோக முனையத்தில் பத்து சதவீத எத்தனால் சேர்த்தால் 87 வந்துவிடும். 2013-ல் மத்திய மேற்குப் பகுதியின் குழாய்வழிகள் 87-ஐ நிறுத்தி 84-க்கு மாறின. எந்தச் சட்டமும் தடுக்காமலே கலப்பில்லாத சாதாப் பெட்ரோல் அங்கே அருகிப்போனது. வேண்டுமென்றவர்கள் 84-ல் பத்துக்கு நான்கு பங்குக்குச் சற்று அதிகமாக 91-ஐக் கலந்து 87 ஆக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. பிரீமியத்துக்கு மட்டுமே விலக்கு உள்ள இடங்களில், 87-ல் திருப்தியாக ஓடும் புல்வெட்டும் இயந்திரத்துக்குத் தேவையில்லாத ஆக்டேனுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார் அதன் சொந்தக்காரர். விதிவிலக்கு வென்றவர்களின் வெற்றியில் இந்தக் குறை உண்டு; அவர்களில் பெரும்பாலோர் விலையைப் பற்றிப் பேரம் பேசவேயில்லை.

இந்திய வாசகருக்கு இங்கே ஓர் ஒப்பீடு தோன்றும். 20 சதவீதக் கலப்பு நாடெங்கும் வந்த 2025-ல், கலப்பில்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மினசோட்டாவிலும் ஆரிகனிலும் கோரிக்கை சட்டமன்றம் போனது. எல்லோருக்கும் என்றல்ல, எந்த எஞ்சினுக்கு, எந்தத் தரத்தில் என்று பெயர் சொல்லிக் கேட்கப்பட்டது.

இப்போது நெருக்கடி மறுபுறத்திலிருந்து வருகிறது. அயோவா 2022-ல் இயற்றிய சட்டம், பழைய கட்டமைப்புள்ள பங்க்குகளுக்கு விலக்கு தந்துவிட்டு, மற்றவை 2026 முதல் 15 சதவீதக் கலவையை விற்க வேண்டும் என்கிறது. அக்கலவையைப் படகிலோ பனிவண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ ஊற்றக் கூட்டாட்சி அனுமதி இல்லை. இரண்டே தொட்டி உள்ள சிற்றூர்ப் பங்க்கின் முதலாளி புதிய சரக்குக்கு ஒரு தொட்டியை ஒதுக்க நேர்ந்தால், மெதுவாக விற்கும் பிரீமியத்தின் மீதுதான் முதலில் கண் வைப்பார்.