டிஸ்லெக்ஸியா மாணவர்க்கு ஆங்கில எழுத்துக்கூட்டல்: கட்புல முறைகளும் பினாங்குச் சூழலும்

டிஸ்லெக்ஸியா என்பது, புத்தியிலோ பார்வையிலோ செவியிலோ யாதொரு குறையுமில்லாத பிள்ளை, சொல்லிலுள்ள ஒலிகளைத் தனித்தனியே பிரித்துணர்ந்து அவற்றை உரிய எழுத்துகளோடு பொருத்துவதில் இடையறாத சிரமம் அடையும் நிலையாகும். வரையறைக்கேற்ப நூற்றுக்கு 5 முதல் 10 பிள்ளைகள் வரை இதற்கு உட்படுவர் என்று மதிப்பிடப்படுகிறது. தக்க போதனையால் வாசிப்புத் தடுமாற்றம் பெருமளவு தணிந்த பின்னரும், எழுத்துக்கூட்டலில் உள்ள தடுமாற்றம் முதிர்ந்த பிராயம் வரை தொடர்வதுண்டு. வாசிப்பவனுக்கு எழுத்துகள் கண்ணெதிரே கிடக்கின்றன, எழுதுபவனோ அவற்றை ஒன்று விடாமலும் வரிசை பிறழாமலும் ஞாபகத்திலிருந்து வருவித்தாக வேண்டும். அந்த ஞாபகத்துக்குக் கண்ணின் வழியே துணை சேர்க்கும் படம், வண்ணம், கட்டம், வரைபடம் முதலிய உபாயங்களே கட்புலப் போதனை முறைகள் எனப்படும்.

1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், கணக்கில் சிரமமேதும் இல்லாதிருந்தும் தன் பெயரின் எழுத்துகளையே இடம் மாற்றி எழுதிய 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ ஏட்டில் எழுதினார். கிளாஸ்கோ நகரத்துக் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் 1917இல் வெளியிட்ட நூலில், இது மூளையில் சொல்லுருவங்களைச் சேமிக்கும் பகுதியின் பிறவிக்குறை என்று விளக்கினார். இவ்வபிப்பிராயம் நெடுங்காலம் செல்வாக்குற்றிருந்தது. 1970களிலிருந்து பெருகிய ஆராய்ச்சிகளோ, பெரும்பாலான பிள்ளைகளிடத்துக் குறையின் மூலம் காட்சியில் அன்று, ஒலியுணர்விலேயே இருக்கிறது என்று காட்டின. கட்புல முறைகளின் நியாயமும் இங்கேதான் தெளிவாகிறது: அவை கண்ணைச் செப்பனிடும் சிகிச்சை அல்ல; செவிக்குப் பிடிபடாமல் நழுவும் ஒலியைக் கண்ணுக்குப் பிரத்தியட்சமாக்கும் வழியாகும். இந்த வித்தியாசத்தை மறந்து படங்களை மட்டும் குவிக்கும் வகுப்பில் பிள்ளைக்கு விளையும் நன்மை சொற்பமே.

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன. 13 ஐரோப்பிய மொழிகளில் தொடக்க வாசிப்பை ஒப்பிட்டு, 2003இல் பிலிப் சீமோரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலக் குழந்தைகள் அடிப்படையை அடையும் வேகம் ஏனையோரினும் பாதிக்கும் குறைவு என்று கண்டது. மலேசியாவின் பினாங்குத் தீவில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கு இச்சிரமம் மேலும் பின்னலுடையது. 1816இல் ஜார்ஜ் டவுனில் நிறுவப்பெற்ற பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய காலந்தொட்டு இத்தீவில் தமிழ்க்கல்வி நடந்து வருகிறது. இன்று பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நகரின் தென்புறத்தே சுங்கை பினாங் ஆறு கடலோடு கலக்கும் பகுதியில் குடியிருக்கும் பிள்ளை, ஏழு வயதில் ஆண்டு ஒன்றில் சேர்ந்தவுடன், தமிழின் 247 எழுத்துகளையும், ரூமி எனப்படும் ரோமன் எழுத்தில் மலாயையும், அதே எழுத்தில் ஆங்கிலத்தையும் ஒருங்கே பயிலத் தொடங்குகிறது.

மலாயும் ஆங்கிலமும் எழுத்தில் ஒன்றாயிருந்து ஒலியில் வேறுபடுவதுதான் இங்குள்ள விசேஷச் சிக்கல். சுங்கை பினாங்கின் கிளையாறு ஆயர் ஈத்தாம். அப்பெயரின் முற்பகுதியான ஏ, ஐ, ஆர் என்னும் மூன்றெழுத்தும் மலாயில் 'ஆயர்' என்று ஒலித்து நீரைக் குறிக்க, ஆங்கிலப் பாடத்தில் அதே மூன்றெழுத்து 'ஏர்' என்று காற்றைக் குறிக்கிறது. சி, ஏ, டி என்பது ஆங்கிலத்தில் பூனை. சாயக்கடைப் பலகையிலோ அது 'சாட்' என்று ஒலிக்கும் வர்ணம். கிளினிக், டாக்சி, ஃபார்மசி முதலிய ஆங்கிலச் சொற்களை மலாய் தன் ஒழுங்கான ஒலிமுறைக்கேற்ப மாற்றி எழுதிக்கொள்வதால், தெருவில் தினந்தோறும் காணும் வடிவம் ஒன்றாகவும் தேர்வுத் தாளில் எழுத வேண்டிய வடிவம் வேறொன்றாகவும் அமைகின்றன. ஆதலால், மலாய் வடிவத்தை ஒரு வண்ண அட்டையிலும் ஆங்கில வடிவத்தை வேறு வண்ண அட்டையிலும் எழுதி, மாறுபடும் எழுத்தை மட்டும் தடித்துக் காட்டி அருகருகே வைப்பது, இவ்வூர் வகுப்புகளுக்கு மிகவும் பொருந்திய கட்புல அப்பியாசமாகும்.

தமிழிலிருந்து வரும் சிரமம் வேறு வகையினது. தமிழில் பகரம், டகரம், ககரம் ஒவ்வொன்றும் இடத்திற்கேற்ப வல்லோசையும் மெல்லோசையும் பெறுவதால், ஆங்கிலப் 'பி' எழுத்துகள் இரண்டையும், டகர ஒலி எழுத்துகள் இரண்டையும், ககர ஒலியின் இணையையும் பிள்ளை ஒன்றுக்கொன்று மாற்றி எழுதிவிடுகிறது. டிஸ்லெக்ஸியா உடைய பிள்ளையிடத்து இம்மயக்கம் எளிதில் நீங்குவதில்லை. டென்மார்க்கில் எடித் நோரி என்னும் அம்மையார், தாமே இக்குறையால் அவதியுற்றவராதலின், எழுத்துகளை உதடு, பல், தொண்டை எனப் பிறப்பிடம் நோக்கி வகுத்து, உயிரொலிகளைச் சிவப்பிலும், மெய்களில் குரல்நாண் அதிர்வுடையனவற்றையும் இல்லாதனவற்றையும் வெவ்வேறு நிறங்களிலும் அமைத்து ஓர் எழுத்துப்பெட்டி செய்தார். வாயின் அசைவைப் பிள்ளையே பார்த்துக்கொள்ள அதில் ஒரு சிறு கண்ணாடியும் உண்டு. தொல்காப்பியத்துப் பிறப்பியலைக் கற்ற தமிழாசிரியருக்கு இவ்வகுப்பு முறை அந்நியமாகத் தோன்றாது. தமிழ்ப்பள்ளி ஆங்கில ஆசிரியர் இப்பெட்டியைத் தம் கையாலேயே செய்துகொள்ளலாம் என்பது என் துணிபு.

ஒலியைக் கட்டத்தில் அடைக்கும் முறை சோவியத் உளவியலாளர் எல்கோனினுடையது. எழுத்துக்கு ஒன்றாக அல்லாமல் ஒலிக்கு ஒன்றாகக் கட்டம் வரைவது இதன் நுட்பம். கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' நான்கெழுத்தாயினும் மூன்று கட்டமே பெறும். இரவைக் குறிக்கும் 'நைட்' ஐந்தெழுத்தாயினும் அதற்கும் மூன்றே. ஐ, ஜி, எச் ஆகிய மூன்றும் நடுக்கட்டத்தில் ஒருங்கே குடியேறும். ஒலிக்காத எழுத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பிள்ளை இவ்வாறு கண்ணாலேயே காண்கிறது. எழுத்தின் ஒலியை நினைவூட்டும் படத்தைப் பொறுத்தவரை, 1984இல் ஆய்வாளர் லினியா எரி குழுவினர் கண்ட முடிவு குறிப்பிடத்தக்கது: எஸ் எழுத்தையே பாம்பாக வரைந்து காட்டினால் பயன் மிகுதி, எழுத்தின் அருகே படத்தை வேறாக ஒட்டினால் பயன் குன்றும். கடைகளில் விற்கும் பட அட்டைகளில் பல இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

சொற்குடும்ப வரைபடம் உயர்நிலை மாணவர்க்கு உகந்தது. 'சைன்' என்னும் சொல்லில் மௌனமாயிருக்கும் ஜி, 'சிக்னல்' என்னும் சொல்லில் வாய் திறக்கிறது. இரண்டைக் குறிக்கும் 'டூ' என்பதில் ஒலிக்காத டபிள்யூ, 'ட்வின்', 'ட்வெல்வ்', 'ட்வென்டி' ஆகியவற்றில் ஒலிக்கிறது. மலேசியப் பள்ளிகளில் ஐ-திங்க் திட்டத்தின் வழியாக எட்டு வகைச் சிந்தனை வரைபடங்கள் பழக்கத்தில் உள்ளமையால், மர வரைபடத்தில் இக்குடும்பங்களை அமைக்க ஆசிரியர் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. பார்த்து, மூடி, எழுதி, சரிபார்க்கும் அப்பியாசத்தை மார்கரெட் பீட்டர்ஸின் 1967ஆம் ஆண்டு எழுத்துக்கூட்டல் நூலுக்குப் பின் இங்கிலாந்துப் பள்ளிகள் பரவலாக மேற்கொண்டன; ஆயினும் டிஸ்லெக்ஸியா மாணவர் எழுதும்போதே ஒலியை வாய்விட்டுச் சொல்லாவிடில் இதனால் அடையும் பலன் குறைவு.

வண்ணக் கண்ணாடியும் வண்ணத் தாளும் டிஸ்லெக்ஸியாவைத் தீர்க்கும் என்னும் விளம்பரங்களை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் சங்கமும் 2009ஆம் ஆண்டுக் கூட்டறிக்கையில் ஏற்கவில்லை. அவற்றுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்றன.

மலேசியாவில் டிஸ்லெக்ஸியா சங்கம் 1994இல் கோலாலம்பூரில் தோன்றியது. கல்வியமைச்சு 1999இல் முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. அமைச்சு வகுத்த சரிபார்ப்புப் பட்டியல், பிள்ளையின் சிரமங்களோடு வன்மைகளையும் குறிக்க இடந்தருகிறது. பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் லீ லே வா, மலாய் மொழியில் டிஸ்லெக்ஸியாவைக் கண்டறிவதற்கான சோதனைத் தொகுதியை உருவாக்கி 2008இல் வெளியிட்டார். தமிழகத்தில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் 1990களின் தொடக்கத்திலிருந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்து வருகிறது. மலாய்க்கு உள்ள அத்தகைய சோதனை, மும்மொழி பயிலும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கென அதன் தாய்மொழியிலும் அமைதல் அவசியம். அதுவரையில், ஆண்டு ஒன்றிலேயே தடுமாற்றம் தென்படும் பிள்ளையை மந்தபுத்தியென்று ஒதுக்காமல், பெற்றோர் பள்ளியின் குறைநீக்கல் ஆசிரியரை அணுகிச் சோதனையை உரிமையோடு கேட்டுப் பெறல் வேண்டும்.