கரன்ட் வந்ததும் பொங்கி வழியும் ஸ்கிம்மர்: கடல் மீன் தொட்டிக்கு என்ன ஆபத்து? தடுப்பது எப்படி?

ஸ்ரீரங்கத்தில் மாதாந்திர பராமரிப்புக்காக காலையில் நிற்கும் கரன்ட், மாலையில்தான் திரும்பும். வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது கரன்ட் போகும் நேரத்தை அல்ல, வரும் நேரத்தை. புரோட்டீன் ஸ்கிம்மர் பொங்கி வழிவது பெரும்பாலும் அப்போதுதான்.

ஸ்கிம்மர் என்ன செய்கிறது?

2019 இறுதியில் சென்னை கடற்கரையில் நுரை மலைபோல ஒதுங்கியது நினைவிருக்கும். உப்புநீரில் கரைந்த கழிவு காற்றுக்குமிழியில் ஒட்டி நுரையாகிறது. அதையே ஒரு குழாய்க்குள் வேண்டுமென்றே செய்வதுதான் ஸ்கிம்மர். மீன் கழிவும் மிச்சத் தீனியும் நுரையோடு மேலேறி, மேலுள்ள கப்பில் கறுப்புத் தண்ணீராகச் சேரும்.

கரன்ட் வந்ததும் ஏன் பொங்குகிறது?

மோட்டார் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீரில் ஒரு பகுதி கீழேயுள்ள சம்ப் தொட்டிக்கு இறங்கிவிடும். அங்கே மட்டம் ஏறியிருக்கும்போது கரன்ட் வந்தால், ஸ்கிம்மர் அளவுக்கு மீறிய ஆழத்தில் ஓடத் தொடங்கி, நுரைக்குப் பதில் தண்ணீரையே கப்பில் தள்ளும்.

தீர்வு எளிது. ரிட்டர்ன் மோட்டார் முதலில் ஓடட்டும், 10-15 நிமிடம் கழித்து ஸ்கிம்மர். பகலில் வீட்டில் ஆள் இல்லையென்றால், தாமதமாக ஆன் செய்யும் டைமர் போடலாம்.

உண்மையான ஆபத்து எது?

தரை நனைவது சின்ன விஷயம். திருச்சி வெயிலில் ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட, பலர் தானாக நல்ல தண்ணீர் நிரப்பும் கருவி வைத்திருப்பார்கள். ஸ்கிம்மர் உப்புநீரை வெளியே தள்ளத் தள்ள, அது நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கும். மொத்தம் 200 லிட்டர் உள்ள அமைப்பில் 20 லிட்டர் இப்படி மாறினால், லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு 32-க்கும் கீழே போய்விடும். மீன் சமாளிக்கலாம். பவளமும் இறாலும் திடீர் மாற்றத்தைத் தாங்குவது கஷ்டம்.

முக்கொம்பில் மிகைநீரை கொள்ளிடத்தில் திருப்பிவிடுவது போல, கப்பிலிருந்து ஒரு ஹோஸை சாக்கடைக்கு விட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு. காவிரிக்கு மேலிருந்து தண்ணீர் வரும். இங்கே போவது காசு கொடுத்து வாங்கிய உப்பு. அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஹோஸை ஒரு கேனில் விட்டு, கேன் நிறைந்ததும் ஸ்கிம்மரை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் வைப்பதே சரி. நல்ல தண்ணீர் டப்பாவையும் சின்னதாக வையுங்கள். கோளாறு நடந்தாலும் அதற்கு மேல் ஊற்ற முடியாது.

கரன்ட் போகாமலே பொங்கினால்?

தொட்டியில் புதிதாக என்ன சேர்ந்தது என்று பாருங்கள். மாநகராட்சி குடிநீரில் குளோரின் இருக்கும். அதை நீக்கும் மருந்துகளில், மீனின் வழவழப்பைக் காக்கும் பொருள் கலந்தவை ஸ்கிம்மரை வெறிபிடித்தது போல நுரைக்க வைக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கலப்பது நல்லது. நோய் மருந்து, பவளம் ஒட்டும் எபாக்ஸி பசை, கையில் இருந்த சோப்பு எல்லாமே இதே வேலையைச் செய்யும். புது ஸ்கிம்மரும் முதல் சில நாட்கள் அடங்காது. தண்ணீர் வெளியேறும் வால்வை முழுதாகத் திறந்து வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மூட வேண்டும்.

சம்ப் ஆழம் பல மாடல்களுக்கு 6 முதல் 9 அங்குலம்தான். உங்கள் மாடலின் அளவைப் பாருங்கள். ஆழம் கூடினால் அடியில் அக்ரிலிக் பலகை வைத்து உயர்த்தலாம்.

ஏற்கெனவே வழிந்துவிட்டதா?

ஈரக்கையோடு பிளக்கைத் தொடாமல், மெயினை அணையுங்கள். ஸ்கிம்மரையும் தண்ணீர் நிரப்பும் கருவியையும் கழற்றிவிட்டு, ரிட்டர்ன் மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். ஸ்கிம்மர் நின்றால் ஆக்சிஜனும் குறையும் என்பதால் ஏர் பம்ப் போடுங்கள். பிறகு உப்பை அளந்து, குறைந்திருந்தால் கலந்து வைத்த உப்புநீரைச் சிறிது சிறிதாக, ஓரிரு நாட்களில் சேருங்கள். உப்பை நேரடியாகத் தொட்டியில் கொட்டவே கூடாது.