கிளை அறுந்த மந்திகள்: வலிதாயம் முதல் வால்பாறை வரை

சென்னைக்கு மேற்கே பாடி என்று இன்று வழங்கும் ஊரின் தேவாரப் பெயர் திருவலிதாயம். ஞானசம்பந்தர் இத்தலத்தின்மீது பாடியது முதல் திருமுறையில் மூன்றாம் பதிகமாக வைக்கப்பட்டுள்ளது. அதில் ஒரு பாடல், கோயிலின் அயலெங்கும் மந்தி தன் கடுவனோடு கூடி வந்து வணங்குவதாகக் கூறுகிறது. இது தலச்சிறப்பு உரைக்கும் மரபுவழி வருணனையே என்று ஒதுக்குவாரும் உளர். மரபே ஆயினும், கேட்போருக்கு மரமும் குரங்கும் கண்ணறிந்த பொருள்களாக இருந்தாலன்றி அவ்வருணனை அவர் நெஞ்சில் தைத்திராது.

அந்த அயல் இன்று எவ்வாறு உள்ளது என்பதைப் பாடியின் வழியே செல்வோர் அறிவர். 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. பாடியைச் சூழ்ந்து தொழிற்கூடங்களும் குடியிருப்புகளும் பெருகின. 2011இல் அம்பத்தூர் நகராட்சி முழுவதும் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. வகுப்பில் அப்பாடலை நடத்தும்போது கடுவன் என்ற சொல்லுக்கே பொருள் கூற வேண்டியிருக்கிறது. சொல்லுக்குப் பொருள் கூறிவிடலாம். பொருளையே இழந்த இடத்துக்கு என்ன கூறுவது? இவ்வினாவைப் பின்பற்றியே, காடு துண்டுபட்ட வரலாற்றையும் அதனால் குரங்கினம் அடைந்த நிலையையும் இங்கே தொகுத்துரைக்க முற்படுகிறோம்.

சொல் வைத்திருந்தோம்

தமிழர் குரங்கை ஒரே சொல்லால் சுட்டி அமைந்தவர் அல்லர். தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்றை வேறுபிரித்து, அவற்றின் பெண்ணுக்கு மந்தி என்னும் பெயரை உரியதாக்குகிறது. முசுவின் ஆணுக்குக் கலை என்ற பெயரும் உண்டு. கிளையில் வாழும் விலங்கு என்றே அந்நூல் குரங்கை அடையாளம் காட்டுகிறது.

குறுந்தொகையின் 69ஆம் பாடல் இவ்விடத்தில் நினையத்தக்கது. பாடியவர் கடுந்தோட் கரவீரன். கலை இறந்துபட, கைம்மைத் துயர் தாங்காத மந்தி, தன் தொழிலை இன்னும் கல்லாத குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலைச்சாரலிலிருந்து பாய்ந்து உயிர்விடும் என்கிறார் அவர். சுற்றத்தைக் குறிக்க அங்கு அவர் ஆளும் சொல் கிளை. மரத்தின் கொம்பும் கிளை, உறவும் கிளை. மொழியில் இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் கூடியிருப்பது போலவே, சோலையில் வாழும் குரங்குக்கு இவ்விரண்டும் வாழ்க்கையிலும் ஒன்றுதான். கொம்போடு கொம்பு தொடர்ந்தால்தான் அதற்கு உறவு தொடரும். காடு துண்டுபடுதலின் கேடு முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

ஆனைமலையில் விழுந்த கோடரி

இதற்குத் தெளிந்த சான்று வால்பாறை. ஆனைமலைத் தொடரில் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பீடபூமி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை மழைக்காடாக இருந்தது. 1890களில் ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் சென்னை அரசிடமிருந்து நிலம் பெற்றுக் காட்டை வெட்டத் தொடங்கினர். காப்பியும் பின்னர் தேயிலையும் பரவின. சமவெளியிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற ஏழை மக்களே அக்காட்டை அழித்தனர். குளிராலும் நோயாலும் தாமும் அழிந்தனர். பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, இரா. முருகவேள் தமிழில் தந்த 'எரியும் பனிக்காடு' நாவல் அத்துயரைப் பேசுகிறது. அதே கோடரி மரத்தின் மேலிருந்த குடிகளுக்குச் செய்ததைப் பேசும் நாவல் நம்மிடம் இல்லை.

வெட்டியது போக எஞ்சியவை நாற்பதுக்கும் மேற்பட்ட காட்டுத் துண்டுகள். தேயிலைக் கடலின் நடுவே தீவுகளைப் போல அவை நிற்கின்றன. பெரும்பாலானவை தோட்ட நிறுவனங்களின் கையில் உள்ளன. அத்தீவுகள் சிலவற்றில் சிக்கிக்கொண்டதே சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு. கரிய உடல், முகத்தைச் சூழ்ந்த நரைப்பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால் ஆகியவை இதன் அடையாளம். மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக இது வாழ்வதில்லை. தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் மூன்றிலும் சேர்த்துச் சில ஆயிரங்களே எஞ்சியுள்ளன.

துண்டு செய்யும் வேலை

பரப்புக் குறைந்தால் எண்ணிக்கை குறையும் என்பது எவருக்கும் விளங்கும். துண்டுபடுதலின் தீமை அதனினும் நுட்பமானது. சோலைமந்தி பெரும்பாலும் மர உச்சிகளிலேயே வாழ்ந்து பழகியது. வெடிப்பலாவின் பூவும் காயும், பலா, ஆல அத்தி இனங்களின் கனிகள், பூச்சிகள் ஆகியவை அதன் உணவு. ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மரம் பழுத்துக்கொண்டிருக்க வேண்டுமெனில் காடு அகன்றதாக இருக்க வேண்டும். சிறு துண்டில் சில மரங்களே உள்ளன. அவை ஓயும் மாதம் பசியின் மாதம்.

அடுத்தது உறவு. இவ்வினத்தில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்க, வளர்ந்த ஆண்கள் வேறு கூட்டம் தேடிச் செல்லும். இடையே மரமில்லாத தேயிலைப் பரப்பு கிடந்தால் ஆண் எவ்வழியே செல்லும்? புதுக்குருதி வாராத கூட்டம் தனக்குள்ளேயே மணந்து நலிகிறது. பெருக்கமும் மெல்லவே நிகழ்கிறது. ஒரு பெண் முதற்குட்டி ஈன ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகும். அடுத்த குட்டிக்கு இரண்டரை ஆண்டுக்கு மேலும் ஆகலாம். ஆகவே, நோயோ வேட்டையோ கொண்டுபோன சில உயிர்களை ஈடுசெய்யச் சிறு கூட்டத்துக்குப் பல்லாண்டு வேண்டும். கருங்குரங்கு லேகியம் என்ற மூடநம்பிக்கைக்காக நீலகிரிக் கருமந்தி வேட்டையாடப்பட்ட காலத்தில், நிறத்தால் ஒத்த சோலைமந்தியும் தப்பவில்லை.

புதுத்தோட்டம் காட்டும் புதிர்

வால்பாறை ஊரை ஒட்டிய புதுத்தோட்டத்தில், நூறு எக்டேருக்கும் குறைவான காட்டுத் துண்டில், 1990களில் ஒரு சிறு கூட்டம் இருந்தது. இது அழியும் என்றே எவரும் கருதியிருப்பர். நிகழ்ந்ததோ வேறு. கூட்டம் பலவாகப் பிரிந்து, இன்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குரங்குகள் அங்கே உள்ளன.

இதைக் கண்டு காடு துண்டுபட்டாலும் கேடில்லை என்று முடிவு கட்டுதல் பிழை. அக்குரங்குகள் தரையில் இறங்கக் கற்றன. கொய்யாவும் காப்பிப்பழமும் குடியிருப்பின் எச்சில் உணவும் தின்னக் கற்றன. பொள்ளாச்சி - வால்பாறைச் சாலை அவ்வழியே செல்வதால் வண்டிகளில் அடிபட்டு இறக்கின்றன. வீட்டுக் கூரையைப் பிரித்து உள்நுழையும் குரங்கால் அல்லற்படுபவர், அன்று காடு வெட்டியவரின் பெயரர்களான தோட்டத் தொழிலாளர். எண்ணிக்கை பெருகிற்று, ஆயினும் சோலைமந்தியின் சோலை வாழ்க்கை சுருங்கிற்று. கூட்டத்தை மட்டும் எண்ணுகிற கணக்கில் இவ்விழப்பு ஏறுவதில்லை.

தீர்வு நோக்கிய பணிகளும் அங்கேயே நடக்கின்றன. இயற்கைப் பாதுகாப்புக் கழகத்தினர் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டினர். குரங்குகள் கடக்கும் இடத்தில் வண்டிகளை நிறுத்தக் காவலர்களை அமர்த்தினர். தோட்ட நிறுவனங்களின் இசைவோடு சிதைந்த துண்டுகளில் மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டு வருகின்றனர். அறுந்த கிளையை மீண்டும் முடியும் முயற்சி என்று இதனைக் கூறலாம்.

அரசும் முன்பே விழித்ததுண்டு. 1976இல் களக்காடு சரணாலயம் இக்குரங்கை முன்னிட்டே அமைந்தது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே எழவிருந்த நீர்மின் அணை மக்கள் எதிர்ப்பால் 1983இல் கைவிடப்பட்டது. அப்போராட்டத்தின் முகமாக நின்றதும் இதுவே. அணைக்கு எதிராகக் கவிஞர்கள் பாடினர் என்பது இலக்கியம் பயில்வோர்க்கு ஊக்கம் தரும் செய்தி.

மீண்டும் சமவெளிக்கு வருவோம். சென்னைக்குள் கிண்டிக் காட்டின் எச்சமாக இருப்பது ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர்த் தேசியப் பூங்கா. அதனை அடுத்து, அக்காட்டில் பகுதியைப் பெற்று 1959இல் எழுந்த ஐ.ஐ.டி. வளாகத்திலும் நாட்டுக்குரங்குகள் வாழ்கின்றன. மலையின் தேயிலைக்கு ஈடாக இங்கே தாரும் சுவரும் சூழ்ந்துள்ளன. நாட்டுக்குரங்கு எதையும் தின்று எங்கும் பிழைக்க வல்லது. ஆதலால் அதனை நாம் தொல்லை என்கிறோம். சோலைமந்தி பிழைக்கும் வழியற்றது. ஆதலால் அதனை அரிய உயிர் என்கிறோம். இரண்டையும் அந்நிலைக்குத் தள்ளியது ஒரே செயல்.

வலிதாயத்து மந்தியை மீட்டுக் கொணர்தல் இனி இயலாது. வால்பாறையின் துண்டுகளை இணைத்தல் இயலும். மரம் வளரும் காலம் வரை பொறுமை வேண்டும், அவ்வளவே. அதுவும் நிகழாவிடில், குறுந்தொகை மந்தி குட்டியை ஒப்படைத்த சுற்றம் உரைநூல்களில் மட்டுமே எஞ்சும்.